பார்க்கின்சனுக்கு யோகா சிகிச்சை: வடசென்னை வீடுகளில் கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பக்கமிருந்து என் யோகா சிகிச்சை வகுப்புக்குப் பார்க்கின்சன் உள்ளவர்கள் வருகிறார்கள். கூட்டி வருவது பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாப் பதிலிலும் மாத்திரை நேரமும் கீழே விழாமல் இருப்பதும் வந்துகொண்டே இருக்கும். இந்த நோயில் யோகா அந்த இரண்டையும் சுற்றித்தான்.

யோகா செய்தால் பார்க்கின்சன் குணமாகிவிடுமா?

ஆகாது. நடுமூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதால் வருவது இந்த நோய். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இதைப் பற்றி எழுதினார். அழிந்த செல்களைத் திரும்பக் கொண்டுவர இப்போது கொடுக்கும் மாத்திரைகளால் முடியாது. யோகாவும் அதைச் செய்யாது.

"மூணு மாசத்தில் மாத்திரையை நிறுத்திக் காட்டுகிறேன்" என்று யாராவது சொன்னால் அங்கே பணம் கட்டாதீர்கள். டோபமைன் குறைவை ஈடுகட்டக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் கடும் விறைப்பு, காய்ச்சல், புத்தி தடுமாற்றம் என்று உயிருக்கே ஆபத்தாகப் போகலாம். குறைப்பதோ கூட்டுவதோ நரம்பு டாக்டர் வேலை.

அப்புறம் யோகாவால் என்னதான் லாபம்?

இறுகிப்போன தோளும் இடுப்பும் இளகும். கூன் விழுவதைத் தள்ளிப்போடலாம். கால் எட்டு கொஞ்சம் நீளும். எழுவது, திரும்புவது, படுக்கையில் புரள்வது ஆகியவை சுலபமாகும். ஆனால் நான் பார்த்தவரை பெரிய லாபம் மனசுக்குத்தான். ஹாங்காங்கில் நடந்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆரம்ப, நடுத்தர நிலையில் இருந்த 138 பேரை இரண்டாகப் பிரித்து 8 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு யோகா, இன்னொன்றுக்குத் தசையை நீட்டி வலுவாக்கும் சாதாரண உடற்பயிற்சி. நடை, அசைவு விஷயத்தில் இரண்டு குழுவும் ஏறக்குறையச் சமம். பதற்றமும் மனச்சோர்வும் யோகா குழுவில்தான் நன்றாகக் குறைந்தன.

ஆகவே பிசியோதெரபிக்குப் போய்க்கொண்டிருப்பவர் அதை விட்டுவிட்டு யோகாவுக்கு வர வேண்டாம். இரண்டும் இருக்கட்டும்.

யோகா என்றால் விடியற்காலையில் வெறும் வயிற்றில்தானே?

மற்றவர்களுக்குச் சரி. பார்க்கின்சன் உள்ள பலருக்கு விடியற்காலைதான் நாளிலேயே மோசமான நேரம். ராத்திரி போட்ட மாத்திரையின் வேலை அப்போது முடிந்திருக்கும். புரண்டு படுக்கவே திணறுகிறவரை ஐந்து மணிக்கு எழுப்பிப் பாயில் உட்கார வைத்தால், அவருக்கு யோகா மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

லெவோடோபா (பல வீடுகளில் சிண்டோபா என்ற பெயரில் இருக்கும்) வேலை செய்ய ஆரம்பிக்க ஏறத்தாழ அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அதன் பிறகு சில மணி நேரம் உடம்பு பேச்சைக் கேட்கும். டாக்டர்கள் இதை 'ஆன்' நேரம் என்பார்கள். மருந்து தீர்ந்து மறுபடி இறுகுவது 'ஆஃப்'. யோகாவுக்கு ஏற்றது ஆன் நேரம். அது காலை பத்து மணியாக இருந்தாலும் சரி, மாலை நாலாக இருந்தாலும் சரி.

உங்கள் வீட்டுக்காரருக்கு அது எப்போது என்று தெரிய ஒரு வழி உண்டு. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு வாரம் எழுதுங்கள்: மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டார், சட்டை பட்டனைத் தானே போட எப்போது முடிந்தது, கால் மறுபடி எப்போது இழுக்க ஆரம்பித்தது. வாரக் கடைசியில் நேரம் தானாகப் பிடிபடும். அந்தத் தாளை டாக்டரிடமும் காட்டுங்கள். "பரவாயில்லை சார்" என்று சொல்லிவிட்டு வருவதைவிட அவருக்கு அது உதவும்.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். லெவோடோபா உடம்பில் ஏறும் அதே வழியில்தான் புரதமும் ஏறுகிறது. மாத்திரையை மீன், முட்டை, பால், பருப்பு இவற்றோடு சேர்த்துப் போட்டால் சிலருக்கு மாத்திரை போட்டதே தெரியாது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், இல்லையென்றால் சாப்பிட்டு ஒரு மணி கழித்து என்பது பொதுவான கணக்கு. காசிமேட்டு மீன் இல்லாமல் சோறு இறங்காதவரிடம் மீனை விடச் சொல்ல எனக்கு மனசு வராது, தேவையும் இல்லை. மீனை ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தள்ளிவிட்டுப் பகலில் கொஞ்சம் நன்றாக நடமாடுகிறவர்கள் உண்டு. உங்களுக்கு அது ஒத்துவருமா என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்க நைனா தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. பாய் இல்லாமல் யோகா உண்டா?

உண்டு. நாற்காலி போதும். ஆனால் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம். மொசைக் தரையில் சறுக்கும், பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் கால் விரியும். கனமான மர நாற்காலியோ இரும்பு நாற்காலியோ எடுத்து முதுகுப்பக்கம் சுவரில் முட்டும்படி போடுங்கள். கைலி கால் தடுக்கும். அரை டிராயரோ டிராக் பேண்ட்டோ போடட்டும். சாக்ஸ் இல்லாமல் வெறுங்காலில் இருக்கட்டும்.

முதலில் சும்மா நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சு. இழுக்கும்போது இரண்டு கையும் பக்கவாட்டில் மேலே, விடும்போது கீழே. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அசைவு நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே போவது இந்த நோயின் குணம், அது நோயாளிக்குத் தெரியாது. கையை முழுசாகத் தூக்கிவிட்டதாகத்தான் அவர் நினைப்பார். கை தோள்வரைதான் வந்திருக்கும். அதனால் "கூரையைத் தொடுங்க, இன்னும் பெருசா" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஆசனம் அழகாக வரவேண்டியதில்லை, பெரிதாக வந்தால் போதும். அப்புறம் பின்தலையில் கை கோத்து முழங்கைகளைப் பின்னால் விரிப்பது, நாற்காலி முதுகைப் பிடித்தபடி இடுப்பைத் திருப்பிப் பின்சுவரைப் பார்ப்பது, உட்கார்ந்தபடியே முழங்காலை உயர்த்தி லெப்ட் ரைட் போடுவது.

இதற்கடுத்து வருவதற்கு எந்தச் சுவடியிலும் ஆசனப் பெயர் கிடையாது, என் வகுப்பில் அதிக நேரம் எடுப்பது மட்டும் இதுதான்: நாற்காலியிலிருந்து எழுவது. இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்து வரவேண்டும். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, இடுப்பகல இடைவெளி விட்டு ஊன்ற வேண்டும். கை இரண்டும் தொடைமேல், அல்லது நாற்காலிக் கைப்பிடிமேல். மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை முன்னால் குனிந்து, மூச்சை விட்டபடி தரையை மிதித்து எழ வேண்டும். பெரும்பாலோர் குனியப் பயந்து பின்னால் சாய்ந்தபடியே எழப் பார்ப்பார்கள், தொப்பென்று உட்கார்ந்துவிடுவார்கள். மகன் உடனே கையைப் பிடித்து இழுப்பார். இழுக்காதீர்கள், அவருடைய பாரம் இன்னும் பின்னால் போகும். பக்கத்தில் நின்று, "ஒன்னு, ரெண்டு, மூணு" எண்ணுங்கள். மூணில் எழட்டும். ஐந்து முறை போதும்.

நின்ற பிறகு சுவரோரம் தாடாசனம். குதிகால், பிட்டம், தோள், பின்தலை நான்கும் சுவரைத் தொடப் பார்க்கலாம். தலை எட்டாவிட்டால் துண்டை மடித்து இடையில் வையுங்கள், கழுத்தை அழுத்தாதீர்கள். நாற்காலி முதுகைப் பிடித்தபடி வீரபத்ராசனம் மாதிரி ஒரு காலை நீளமாக முன்வைத்து, பாரத்தை முன்கால், பின்கால் என்று மாற்றி மாற்றிப் போடுவது நடைக்கு நல்லது. கெட்டியான கட்டில் இருந்தால் அதன்மேல் படுத்து சேது பந்தாசனம் செய்யலாம். இடுப்பைத் தூக்கப் பழகியவருக்கு ராத்திரி புரள்வது சுலபமாகிறது.

கடைசியில் சவாசனம், தேவையான உயரத்துக்குத் தலையணை வைத்து. எழும்போது ஒரு பக்கம் ஒருக்களித்து, உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்துத்தான் நிற்க வேண்டும். மொத்தம் அரை மணி. களைப்பாக இருந்தால் கால் மணி.

கை நடுக்கம் குறையுமா?

மனசு பதறும்போது நடுக்கம் கூடும், மூச்சு நிதானமானால் சற்று அடங்கும். அவ்வளவுதான். யோகா வேலை செய்கிறதா என்பதை நடுக்கத்தை வைத்து அளக்காதீர்கள். எழுந்திருக்க எத்தனை முறை முயல வேண்டியிருக்கிறது என்று பாருங்கள்.

நடந்துகொண்டே இருக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது. பின்னாலிருந்து தள்ளலாமா?

தள்ளவே கூடாது. பாதம்தான் நின்றிருக்கிறது, உடம்பு முன்னால் போய்விடும், முகம் குப்புற விழுவார்.

கதவு நிலை, பாத்ரூம் வாசல், சமையலறைக்குப் போகும் இரண்டடி நடை ஆகிய இடங்களில்தான் இது அதிகம் வரும். நம் பக்கத்து ஒண்டுக்குடித்தன வீடுகளில் அந்த மாதிரி இடம் அடிக்கு ஒன்று இருக்கும். தானாக நடக்க வைக்கும் மூளையின் பாதை தடுமாறும்போது, வெளியிலிருந்து ஒரு குறிப்பு கிடைத்தால் வேறு பாதையில் கால் எழும்புகிறது. ஆகவே கால் ஒட்டும் இடத்தில் தரையில் பளிச்சென்ற நிறத்தில் டேப்பைக் குறுக்குக் கோடுகளாக, ஓர் எட்டு இடைவெளியில் ஒட்டுங்கள். அவர் கோட்டைத் தாண்டுவதாக நினைத்து அடி வைக்கட்டும். டேப் ஓரம் எழும்பினால் உடனே மாற்றுங்கள், அதுவே தடுக்கிவிடும்.

தாளமும் அதே வேலையைச் செய்யும். கானா கேட்டு வளர்ந்த ஊர் இது. நிதானமான தாளத்தில் அவருக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் போனில் போட்டு, அடிக்கு அடி பாதம் வைக்கச் சொல்லுங்கள். வேகமான குத்துப்பாட்டு வேண்டாம், எட்டு சின்னதாகி ஓட ஆரம்பித்துவிடுவார். பாட்டு இல்லாத இடத்தில் "நில்லு, மூச்சு விடு, பாரத்தை இந்தக் காலுக்கு மாத்து, இப்போ பெரிய அடி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளப் பழக்குகிறேன். மூச்சுப்பயிற்சி நிஜமாகப் பயன்படும் இடம் அதுதான். ஒட்டிக்கொண்ட பயத்தில் மூச்சை அடக்கினால் கால் இன்னும் ஒட்டும்.

திரும்புவது தனி விஷயம். ஒரே இடத்தில் நின்று குதிகாலில் சுழல்வதுதான் பலரைக் கீழே தள்ளுகிறது. நாலைந்து சின்ன அடி வைத்து, அரைவட்டமாக வரச் சொல்லுங்கள்.

குரல் உள்ளே போய்விட்டது. பிராணாயாமம் உதவுமா?

கொஞ்சம் உதவும். பிரமரி நல்லது: மூக்கால் இழுத்து, வாயை மூடி 'ம்ம்ம்' என்று நெஞ்சு அதிர விடுவது. அதோடு 'ஆ' என்று ஒரே மூச்சில் எவ்வளவு சத்தமாக, எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு. அப்புறம் தினத்தந்தியை எடுத்துத் தலைப்புச் செய்திகளை அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி வாசிக்கட்டும். தான் கத்துவதாக அவருக்குத் தோன்றும்போதுதான் நமக்குச் சாதாரணப் பேச்சாகக் கேட்கும். தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால் அதை யோகாவில் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பேச்சுப் பயிற்சி தருபவரிடம் காட்ட வேண்டிய விஷயம் அது.

எதையெல்லாம் செய்யக் கூடாது?

சிரசாசனம், சர்வாங்காசனம், தலை கீழே தொங்கும் எதுவும். மூச்சை நிறுத்திவைக்கும் கும்பகம். வேகமாக அடிக்கும் கபாலபாதி, பஸ்திரிகா. பிடிமானம் இல்லாமல் ஒற்றைக் காலில் நிற்பது. கழுத்தை முழுவட்டமாகச் சுற்றுவது. எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் முதுகை வளைத்து ஆழமாகக் குனியக் கூடாது. மூளையில் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அந்த டாக்டரைக் கேட்காமல் எதையும் ஆரம்பிக்கக் கூடாது.

இரத்த அழுத்தத்தைத் தனியாகச் சொல்கிறேன். நோயாலும் மாத்திரையாலும் எழுந்து நிற்கும்போது பிரஷர் சட்டென்று இறங்கலாம். வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால் படுத்திருக்கும்போது ஒரு முறை, நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். அதுவரை உட்கார்ந்த பயிற்சி மட்டும்.

மாமனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இருக்கிறார். யோகா பிடிக்கவில்லையோ?

முகத் தசையும் இறுகுவதால் அப்படித் தெரிகிறது. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருப்பார், முகத்துக்கு வராது. மருமகள்கள் இதைக் கோபம் என்று நினைத்துப் பேச்சைக் குறைத்துவிடுகிறார்கள், அவர் இன்னும் ஒடுங்கிவிடுகிறார். என்னம்மா செய்வது என்றால், முகத்தைப் பார்க்காமல் வாயால் கேளுங்கள். அதோடு, நிஜமான மனச்சோர்வும் இந்த நோயின் ஒரு பாகம்தான். எதிலும் ஆசை இல்லை, தூக்கமில்லை, சாக வேண்டும் என்கிறார் என்றால் யோகா மட்டும் போதாது, டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்து உண்டு.

பூனைக்காலி விதைப் பொடி கொடுக்கலாமா?

பூனைக்காலியில் இருப்பதும் லெவோடோபாவேதான். அதனால்தான் வேலை செய்கிற மாதிரித் தெரிகிறது. பொடியில் அளவு இவ்வளவு என்று சொல்ல முடியாது. மாத்திரையோடு சேரும்போது அளவு மீறிப்போய்க் கை கால் தானாக நெளியலாம், வாந்தி வரலாம், இல்லாத உருவம் கண்ணுக்குத் தெரியலாம். டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம்.

அப்பா சின்ன வயசில் பாக்சிங் போட்டவர். யோகாவைக் கிண்டல் செய்கிறார்.

செய்யட்டும், அவரை நான் வேறு வழியில் பிடிப்பேன். பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு ஆளை அடிக்காத குத்துச்சண்டைப் பயிற்சி அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரில் 2006-ல் ஆரம்பித்து, அங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. அகலமாகக் கால் வைத்து நிற்பது, இடுப்பைச் சுழற்றிக் குத்துவது, எண்ணிக் குத்துவது எல்லாமே இந்த நோய்க்குத் தேவையான அசைவுகள். பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை வளர்ந்த வடசென்னையில் இதற்கென்று மூலைக்கு ஒரு வகுப்பு இல்லாதது எனக்கு ஆச்சரியம்தான். நாற்காலியில் உட்கார்ந்து காற்றில் நேர்க்குத்து, குறுக்குக்குத்து இருபது போடச் சொல்லுங்கள். மூச்சை 'ஹா' என்று விட்டபடி. அதன் பிறகு "அந்தக் கையை அப்படியே மேலே தூக்குங்க நைனா" என்றால் யோகா ஆரம்பித்துவிட்டது.

எங்கே போய்க் கற்றுக்கொள்வது?

மருந்துக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவு பக்கத்திலேயே இருக்கிறது. யோகாவுக்கு அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மெட்ரோவில் சென்ட்ரல் போய் ரயில் மாறி அரும்பாக்கத்தில் இறங்கலாம். எஸ்கலேட்டரில் ஏறும் அந்த முதல் அடியில் கால் ஒட்டிக்கொள்ளும், லிப்ட்டில் போங்கள். தனியார் வகுப்பு என்றால் சேருமுன் ஒன்று கேளுங்கள்: "இவருக்கு மாத்திரை எத்தனை மணிக்கு என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமா?" வேண்டாம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

யூடியூப் பார்த்துச் செய்யலாமா?

ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லிக்கொடுத்த பிறகு, நினைவுக்காகப் பார்க்கலாம். தனியாக வீட்டில் இருக்கும்போது வேண்டாம்.

வாக்கிங் போகச் சொல்கிறார்கள். எண்ணூர் ஹைரோட்டில் கன்டெய்னர் லாரி போகிறதே?

ரோட்டில் வேண்டாம். பக்கத்தில் பூங்கா இருந்தால் ஆன் நேரத்தில் கூட்டிப் போங்கள். ராயபுரத்துக்காரர்களுக்கு ராபின்சன் பூங்கா இருக்கிறது. நடக்கும்போது போனில் பேசவோ பையைத் தூக்கவோ விடாதீர்கள். இரண்டு வேலையை ஒன்றாகச் செய்தால் கால் மறந்துபோகும். மழைநாளில் மொட்டை மாடிக்குப் போக வேண்டாம், வீட்டு நீளத்துக்கு நடந்தால் போதும்.

அம்மாவுக்கு முதுகு போய்விட்டது, அவங்களும் செய்யலாமா?

செய்தே ஆக வேண்டும். அப்பாவைத் தூக்கித் தூக்கித்தான் முதுகு போயிருக்கும். மேலே சொன்ன எழும் முறையை அப்பா பழகினாலே அம்மாவின் பாரம் பாதி குறையும். வகுப்பில் இரண்டு நாற்காலி போடுவேன், ஒன்று அம்மாவுக்கு. கடைசி சவாசனத்தில் முதலில் தூங்கிப்போவது பெரும்பாலும் அம்மாதான். எழுப்ப மாட்டேன்.

கோயிலில் விழுந்து கும்பிடலாமா?

சுவரோ தூணோ பக்கத்தில் இருந்து, பிடித்துக்கொள்ள ஆளும் இருந்தால், ஆன் நேரத்தில் மண்டியிட்டு எழலாம். ஒவ்வொரு காலாக. மாதா கோயிலில் முட்டி போடுவதற்கும் இதே முறைதான், முன்னால் இருக்கும் பெஞ்சைப் பிடித்துக்கொள்ளட்டும். தொழுகையை நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்றுதான்: சந்நிதி முன் நின்ற இடத்திலேயே தன்னைத்தானே மூன்று சுற்று சுற்றுவது. திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போனால் பிராகாரத்தை ஒரு முறை பெரிய அடியாக வைத்து வலம் வரட்டும், வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைத் தவிர்த்து வேறொரு நாளில்.